துலக்காமல் விட்ட இடதுபக்கம்: பெரம்பூரில் ஓர் ஈறு ரத்தக்கசிவு நிகழ்வு

வந்தவருக்கு வயது 47. பெரம்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை கிரைண்டர் ஓடும். ஈறில் ரத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் என் கிளினிக்குக்கு வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஞானப்பல் வலி, துணைக்கு வந்தார். மகளைப் பார்த்துவிட்டு மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "அம்மாவையும் ஒரு தடவை பாருங்க மேடம். காலைல வாஷ்பேசின் பூரா ரத்தமா கிடக்கும்" என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்குச் சட்டென்று முகம் மாறியது. "அது உடம்பு சூடு டாக்டரம்மா. வெந்தயம் ஊறவெச்சுச் சாப்பிட்டா அடங்கிடும்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருடமாம்.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன். இதில் அரிய நோய் எதுவும் கிடையாது. வாரம் தவறாமல் யாராவது இதே கதையோடு வருகிறார்கள். ஆனால் ரத்தத்துக்குப் பயந்து துலக்காமல் விட்ட பக்கம் என்ன ஆகும், ஓரளவு துலக்கிய பக்கம் என்ன ஆகும் என்பதை இவருடைய ஒரே வாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதனால்தான் எழுதத் தோன்றியது.

அவர் சொன்னது

முதலில் ரத்தம் வந்தது மேல் இடதுபக்கக் கடைவாய்ப் பற்களில். அங்கே பிரஷ் பட்டாலே சிவப்பாகத் துப்ப வேண்டியிருந்தது. "புண்ணுல போய் பிரஷ்ஷை வெச்சுத் தேய்ப்பாங்களா?" என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார். கையில் முள் குத்தினால் அந்த விரலைத் தண்ணீர் படாமல் காப்பது போல, ஆறட்டும் என்று விட்டது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சில மாதத்தில் கீழ் இடதுபக்கமும் கசிந்தது, அதையும் விட்டார். வலதுபக்கம் மட்டும் காலையில் ஒரு வேளை, கெட்டியான நார் கொண்ட பிரஷால் தேய்த்தார். இடதுபக்கம் விரலால் பல்பொடி. இரவில் துலக்கும் வழக்கமே இல்லை.

இடையில் செய்த வைத்தியங்களையும் கேட்டேன். உப்புத்தண்ணீர் கொப்பளித்தார். மஞ்சளும் உப்பும் குழைத்துத் தடவினார். மருந்துக் கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கிச் சப்பினார். ஒருமுறை அதே கடையில் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ரத்தம் குறைந்த மாதிரி இருந்து, பத்து நாளில் திரும்பிவிட்டது.

ஒரு வருடத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் பல் க்ளீனிங்கும் செய்திருக்கிறார். பத்து நிமிடத்தில் முடிந்ததாம். எப்படித் துலக்குவது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பற்களுக்கு நடுவே சந்து தெரிந்தது, குளிர்ந்த தண்ணீர் கூசியது. "க்ளீன் பண்ணதுல பல்லு தேஞ்சுபோச்சு" என்று முடிவுகட்டி, அதன்பிறகு பல் மருத்துவர் பக்கமே போகவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சந்து ஏன் வந்தது என்று ஒருவர் இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் வீணாகியிருக்காது.

ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அம்லோடிபின் போன்ற சில அழுத்த மாத்திரைகளும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்குக் கசிவு நிற்க நேரமாகும். அப்படி இருந்தாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும். இவர் விஷயத்தில் மருந்து காரணமாகத் தெரியவில்லை. காய்ச்சல், உடம்பில் கன்றிய திட்டுகள், காரணமில்லாத எடைக்குறைவு எதுவும் இல்லை. ஆனால் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதாகச் சொன்னார். "வயசாச்சில்ல" என்றார். அதைக் குறித்துக்கொண்டேன்.

வாயில் கண்டது

26 பற்கள் இருந்தன. இரண்டு முன்பே சொத்தையால் எடுத்தவை. கீழ் முன்பற்களின் உட்பக்கம், நாக்கு படும் இடத்தில், பல்லோடு பல்லை ஒட்டி ஒரு சுவர் போலக் காரை படிந்திருந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அங்கேதான் திறக்கின்றன. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் காரை முதலில் அங்கே கட்டும்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் பலர் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார்: "எங்க தெருவுல போர் தண்ணி உப்பு டாக்டரம்மா, அதனாலதான் காரை புடிக்குதா?" இல்லை. ஈறுக்கு மேலே கட்டும் காரைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் நம்முடைய எச்சிலிலிருந்தே வருகின்றன. மெட்ரோ தண்ணீரில் கொப்பளித்தாலும், கேன் தண்ணீர் குடித்தாலும், துலக்காத இடத்தில் காரை கட்டும்.

ஈறைப் பார்த்தால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய அளவுக்கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினால், அது எவ்வளவு ஆழம் போகிறது, எடுத்ததும் ரத்தம் கசிகிறதா என்று தெரியும். நல்ல ஈறில் 1 முதல் 3 மி.மீ. போகும், கசியாது. ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று 26 பல்லுக்கு 156 இடங்கள். இவருக்கு 118 இடங்களில் கசிந்தது. வலதுபக்கம் 78-இல் 47. இடதுபக்கம் 78-இல் 71. வலதுபக்கம் ஆழம் பெரும்பாலும் 4 மி.மீ.; இடதுபக்கம் 5, 6, மேல் இடது முதல் கடைவாய்ப் பல்லில் 7. அந்தப் பல் லேசாக ஆடவும் செய்தது. எக்ஸ்ரேயில் அதைத் தாங்கும் எலும்பு வேரின் நடுப்பகுதி வரை கரைந்திருந்தது.

நோயாளியிடம் கண்ணாடியைக் கொடுத்து, வலதுபக்கத்தையும் இடதுபக்கத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "நான் காப்பாத்துன பக்கம்தான் கெட்டுப்போச்சா?" என்றார்.

ரத்தம் ஏன் வருகிறது

அவருக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன். கிரைண்டரில் மாவை வழித்தபின் விளிம்பில் ஒரு மெல்லிய படலம் நிற்கும். உடனே துணியால் துடைத்தால் வந்துவிடும். விட்டுவிட்டால் காய்ந்து இறுகி, கரண்டியால் சுரண்டினாலும் வராது; காய்ந்ததின் மேல் அடுத்த நாள் மாவு இன்னும் சுலபமாக ஒட்டும். பல்லில் ஒட்டும் கிருமிப் படலம் அந்த ஈரமாவு. காரை அந்தக் காய்ந்த மாவு. பிரஷ் எடுக்கக்கூடியது முதலாவதை மட்டுமே.

ஈறின் விளிம்பு பல்லைச் சுற்றி ஒரு சட்டைக் காலர் மாதிரி நிற்கிறது. காலருக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள சிறு பள்ளத்தின் உட்புறத் தோல் மிக மெல்லியது. கிருமிப் படலம் அங்கே நாள்கணக்கில் தங்கினால், உடம்பு அதை எதிர்க்க அந்த இடத்துக்கு ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. நுண்குழாய்கள் விரிகின்றன, ஈறு சிவந்து ஊதுகிறது, உள்தோல் ஆங்காங்கே புண்ணாகிறது. அப்போது பிரஷின் நார் பட்டாலே கசியும். பிரஷ் அந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் புண்ணைக் காட்டிக்கொடுக்கிறது. கெட்டியான நாராலோ முரட்டுத் தேய்ப்பாலோ ஈறு கீறுவதும் உண்டு. ஆனால் அது ஓரிடத்தில் எரியும், இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். மாதக்கணக்கில் வலியில்லாமல் வரும் ரத்தம் வேறு. வலியில்லாததுதான் இந்த நோயின் பெரிய கெடுதல். வலித்திருந்தால் முதல் மாதமே வந்திருப்பார்.

இதை 1965-இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் சோதித்தே காட்டினார்கள். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை முழுக்க நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்தக் கட்டத்தில் பிடித்தால் முழுதாகச் சரியாகும். அதைத் தாண்டி எலும்பு கரைய ஆரம்பித்தால், போன எலும்பு பெரும்பாலும் பழையபடி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். இந்த அம்மாவின் வலதுபக்கம் அந்தக் கோட்டின் ஓரத்தில் நின்றது. இடதுபக்கம் தாண்டிவிட்டிருந்தது.

வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மைதான், ஸ்கர்வி என்று பெயர். ஆனால் எலுமிச்சையும் தக்காளியும் கீரையும் சாப்பிடும் ஒருவருக்கு அந்த அளவுக் குறைபாடு வருவது அபூர்வம். மாத்திரை காரையைக் கரைக்காது. சப்பும் மாத்திரையின் புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்கவும் செய்யும்.

சர்க்கரை

இரவில் சிறுநீருக்கு எழுவது, சுத்தக் குறைவுக்கு மிஞ்சிய ஈறுச் சேதம் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் கிளினிக்கிலேயே விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். 262 காட்டியது. மறுநாள் லேபில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எடுக்கச் சொன்னேன்: 9.4 சதவீதம். அந்தப் பரிசோதனையில் 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்று கணக்கு. அவருக்கு அதுவரை தெரியாது.

சர்க்கரை கூடினால் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் மந்தமாகின்றன, அழற்சி அடங்காமல் நீடிக்கிறது, புண் ஆற நாளாகிறது. ஈறும் அப்படியே பதில் செய்கிறது: ஈறில் நிற்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாமல் இழுக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி ஏறக்குறைய 0.4 அளவு குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சிறியதுதான், ஆனால் மாத்திரையோடு சேர்ந்தால் பயனுள்ள சிறியது.

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். அங்கே மெட்ஃபார்மின் தொடங்கினார்கள். இப்போது 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கடையை மூடிவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் இவர் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

முடிவாக நான் கோப்பில் எழுதியது: பெரியோடான்டைடிஸ் (பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் ஈறு நோய்), நிலை 3, தரம் சி. 2018-இல் வெளியான வகைப்பாட்டில் சராசரி 7-உம் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை நோய் இருந்தாலே வேகமாக முற்றும் தரத்தில் வைப்பார்கள்.

செய்தது

கருவியைத் தொடுவதற்கு முன் பிரஷைக் கையில் கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம். வீட்டில் துலக்குவது மாறாமல் நான் எத்தனை முறை சுரண்டினாலும் சில வாரத்தில் பழைய கதைதான்.

மென்மையான நார், சிறிய தலை. நாரை ஈறின் விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி வைத்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். அப்புறம் பல்லின் நுனியை நோக்கி வழிக்க வேண்டும். இரண்டிரண்டு பல்லாக நகர வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம். ரத்தம் வரும் இடத்தில் அழுத்தம் கூட்டாமல் நேரத்தை மட்டும் கூட்ட வேண்டும். "முதல் நாலஞ்சு நாள் ரத்தம் வரும்மா. பார்த்துப் பயந்து நிறுத்திடாதீங்க. ஒரு வாரத்துல குறைய ஆரம்பிக்கும்" என்று மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

இரவு துலக்குவதுதான் சிக்கலாக இருந்தது. பதினொரு மணிக்கு உடம்பு ஓய்ந்திருக்கும்போது துலக்கச் சொன்னால் நடக்காது. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டதும், கடைசி ஈடு மாவு போடுவதற்கு முன், அடுப்படி சிங்க்கிலேயே துலக்கச் சொன்னேன். பிரஷ் அன்றே அடுப்படி ஜன்னலுக்கு இடம் மாறியது.

பற்களின் நடுவே பிரஷின் நார் போகாது. அவருக்குச் சந்துகள் அகலமாக இருந்ததால் நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் பொருத்தம். நெருக்கமான பல் உள்ளவர்களுக்கு ஃப்ளாஸ் நூல். குண்டூசியும் தீக்குச்சியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதத் திரவம் 10 மில்லி, காலை இரவு, இரண்டு வாரம் மட்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரைமணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். மாதக்கணக்கில் வைத்துக் கொப்பளித்தால் பல் பழுப்பாகும், காபி டீ குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. படலமாக ஒட்டியிருக்கும் கிருமியை மாத்திரை மட்டும் கொண்டு போக்க முடியாது. அவரே அதைப் பத்து நாளில் அனுபவித்திருக்கிறார்.

ஈறுக்கு மேலிருந்த காரையை முதல் நாளில் எடுத்தேன். ஈறுக்குக் கீழே வேரோடு ஒட்டியதை அடுத்த இரண்டு வருகைகளில், மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் இடதுபக்கம், ஒரு நாள் வலதுபக்கம். காரை எடுக்கும் அதிர்வுக் கருவி பல்லைத் தேய்ப்பதில்லை, ஒட்டியதை உதிர்க்கிறது. இம்முறை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: வீங்கிய ஈறு வற்றும், காரை அடைத்திருந்த சந்து வெளியே தெரியும், சில வாரம் கூசும், ஆடும் பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் அதிகம் ஆடுவது போலவும் தோன்றும். "அப்போ போன தடவையும் தேயலையா?" என்றார். தேயவில்லை.

கணவர்

மூன்றாவது வருகையில் கணவர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வராது மேடம், என் ஈறு இரும்பு" என்றார். சட்டைப் பையில் பீடிக்கட்டு தெரிந்தது. உட்காரச் சொல்லி அளந்தேன். மேல் முன்பற்களின் உட்பக்கத்தில் 6, 7 மி.மீ.; கசிவு மிகக் குறைவு.

புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் வெளியே தெரிவது குறைந்துவிடுகிறது, சிவப்பும் அவ்வளவு தெரியாது. உள்ளே எலும்பு கரைவது மட்டும் மற்றவர்களைவிட வேகம். அவர் மனைவிக்காவது ரத்தம் வந்து காட்டிக்கொடுத்தது. இவருக்கு அதுவும் இல்லை. பீடியை விட்டால் சில வாரத்தில் ரத்தம் கொஞ்சம் அதிகமாக வரக்கூடும், அது ஈறு உயிர்பெறும் அடையாளம், "பீடியை விட்டதாலதான் ரத்தம்" என்று திரும்பப் பிடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள் என்று சொன்னேன். செலவை யோசித்தார். கோட்டை ரயில் நிலையம் அருகில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஈறு சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருப்பதைச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மனைவியோடு என்னிடமே வந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும். ஈறில் வரும் ரத்தம் எல்லாமே பல் மருத்துவரிடம் வர வேண்டியதில்லை. மழைக்கால மாதங்களில் காய்ச்சலோடு ஈறு கசிந்தால் அது டெங்குவின் எச்சரிக்கை. அன்றே பொது மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். துலக்காமலேயே ரத்தம் ஊறினாலோ, தோலில் நீலத்திட்டுகள் வந்தாலோ, சில வாரத்தில் ஈறு சட்டென்று ஊதி உடம்பு வெளிறினாலோ முதலில் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். பிரசவம் வரை தள்ளிப்போடாமல் சுத்தம் செய்துகொள்ளலாம், நடு மூன்று மாதம் வசதியானது.

எட்டு வாரமும் ஆறு மாதமும்

எட்டாம் வாரம் மறுபடி அளந்தேன். 118 இடங்களில் கசிந்தது 22 ஆகியிருந்தது: இடதில் 15, வலதில் 7. மேல் இடது கடைவாய்ப் பல்லின் 7 மி.மீ. 5-க்கு வந்தது. ஈறு வற்றி இறுகியதால்தான் அந்த இறக்கம், எலும்பு வளர்ந்ததால் இல்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். ஆட்டம் குறைந்திருந்தது. ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். சர்க்கரை இறங்கட்டும் என்று தள்ளிவைத்து, கசிந்த இடங்களை மட்டும் மறுபடி சுத்தம் செய்தேன்.

ஆறாம் மாதம் 156-இல் 11 இடங்கள். சர்க்கரைச் சராசரி 7.1. பெரும்பங்கு மாத்திரைக்கும், இரவு இட்லியைக் குறைத்ததற்கும் உரியது. ஈறின் பங்கு சிறிது. இரவில் இப்போது ஒருமுறைதான் எழுகிறாராம். வாஷ்பேசினைப் பற்றி மகளிடம் கேட்டேன். "வெள்ளையா இருக்கு மேடம்" என்றாள்.

மேல் இடது கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் மட்டும் இன்னும் 5 மி.மீ., இன்னும் கசிகிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி அடுத்த முறை முடிவெடுப்போம் என்றேன். அந்த இடத்துக்குப் பல்லிடுக்கு பிரஷை ஓரளவு பெரியதாக மாற்றிக் கொடுத்து, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை அவரையே செய்ய வைத்தேன். இரண்டாவது முறை சரியாக நுழைத்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். கணவருக்கும் அதே நாளில் நேரம் குறித்தாயிற்று.